அப்பாட பிஸ்கட் டின்ல இருந்த வெள்ளிக்காசு: நிறைக்கு குடுக்கலாமா, வச்சிருக்கலாமா?

கடற்கரை ரயில் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதுதான் முதல் தரம், பிழை இருந்தா குறை நினைக்காதீங்கோ.

நாங்க இருக்கிறது வெள்ளவத்தையில. அப்பா போன வருசம் தவறிட்டார். இப்ப வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வேணும் எண்டு அலுமாரி எல்லாம் ஒதுக்கேக்க மேல் தட்டுல இருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் வந்துது. அப்பா 77ல ஸ்கொலஷிப் கிடைச்சு அப்பத்தைய செக்கோஸ்லவாக்கியாவுக்கு இஞ்சினியரிங் படிக்க போனவர். டின்னுக்குள்ள அவர் அப்பம்மாக்கு எழுதின கடிதங்கள், ட்ராம் டிக்கட் கொஞ்சம், ஒரு உடைஞ்ச ஸ்லைட் ரூல், பிராகில ஒரு பாலத்துல நிண்டு எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோ, அதோட ஒரு சின்ன மட்டையில வச்சு இறப்பர் பேண்ட் போட்ட காசு ஒண்டு.

காசுல ஒரு பக்கம் ரெண்டு வாலோட சிங்கம், தலைக்கு மேல நட்சத்திரம், சுத்திவர நாட்டின்ட பேர் நீளமா இருக்கு. மற்ற பக்கம் ஒரு ராஜா, தாடியோட. 1978 எண்டு வருசம், 100 எண்டு பெறுமதி. கூகிள் லென்ஸ்ல பிடிச்சா நாலாம் கார்ல் எண்டு காட்டுது. இறப்பர் பேண்ட் உருகி ஒட்டிப்போய் ராஜாட கன்னத்துக்கு குறுக்க ஒரு கறுப்புக் கோடு, ஆரோ பேனையால வெட்டி விட்ட மாதிரி.

நேற்று செட்டியார் தெருவுல ஒரு கடைக்கு கொண்டு போனன், பேர் வேண்டாம். அந்த ஆள் காசை திருப்பிக்கூட பாக்கேல்ல, தராசுல போட்டார், 15 கிராம் எண்டார், "இது பாதி வெள்ளிதான் இருக்கும், உருக்கினா சேதாரமும் போகும்" எண்டு சொல்லிப்போட்டு ஒரு கணக்கு சொன்னார், எனக்கு மனசு கேக்கேல்ல, குடுக்காம திருப்பி வாங்கிட்டு வந்துட்டன். ஆனா யூடியூப்ல பாத்தா இப்பிடி பழைய காசெல்லாம் லட்சக்கணக்குல போகுதாம். உண்மையில இது என்ன, ஏன் ஒரு ராஜாட காசு அப்பாக்கிட்ட இருந்தது, வித்தா என்ன வரும், வைக்கிறதெண்டா எப்பிடி வைக்கிறது, தெரிஞ்சாக்கள் ஒருக்கா சொல்லுங்கோ.

இன்னொண்டு, அந்தக் கறுப்புக் கோட்டை எடுக்க வழி இருக்கா? அம்மா சிங்கம் இருக்கிற பக்கத்தை ஏற்கனவே திருநீறும் தேசிக்காயும் போட்டு குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்ச்சுட்டா. பளபளவெண்டு இருக்கு.

கொட்டாஞ்சேனை பொடியன்:

ஐயோ திருநீறு 😭😭 பழஞ்சல்லி அண்ணா இதைப் பாத்தா மயங்கி விழுவார், யாராச்சும் சோடா எடுத்து வைங்க.

பழஞ்சல்லி:

மயங்கேல்ல, ஆனா கொஞ்ச நேரம் போனை கவுத்து வச்சிட்டு இருந்தன்.

தம்பி, முதல்ல ஒண்டு, இனி அந்தக் காசை ஒருத்தரும் தேய்க்கக் கூடாது, திருநீறு, பற்பசை, புளி, பிராசோ, ஒண்டும் வேண்டாம். சாம்பல் எண்டா எவ்வளவு நைசா இருந்தாலும் அரத்தூள்தான், தேசிக்காய் அமிலம். அம்மா தேய்ச்ச பக்கத்தை யன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு பாருங்கோ, மயிர் மாதிரி கீறல் ஆயிரம் தெரியும். பழசு சேர்க்கிறவங்க முதல்ல பாக்கிறது அதைத்தான். சரி நடந்தது நடந்து போச்சு, அம்மாவை ஏசாதீங்கோ, எங்கட வீட்டுலயும் என்ட அம்மா இதே வேலையை ஒரு விக்டோரியா ரூபாக்கு செய்தவா.

இப்ப காசைப் பற்றி. அது 1978ல செக்கோஸ்லவாக்கியா அடிச்ச 100 கொருனா நினைவு நாணயம். நாலாம் கார்ல் செத்தது 1378 நவம்பர் 29, அதின்ட 600வது வருசத்துக்கு. 15 கிராம், அதுல 1000க்கு 700 வெள்ளி, மிச்சம் செம்பு. அப்ப சுத்த வெள்ளி பத்தரை கிராம், கடைக்காரர் சொன்ன பாதி இல்ல, நூத்துக்கு எழுவது. அண்டைக்கு ஒரு கிராம் வெள்ளி என்ன விலையோ அதை 10.5ஆல பெருக்கினா உலோகப் பெறுமதி வரும், அதுக்கு கீழ ஆர் கேட்டாலும் சிரிச்சுட்டு எழும்பி வாங்கோ.

ஆனா யூடியூப்காரரையும் நம்பாதீங்கோ. இது அப்ப மக்களுக்கு வித்த காசு, அங்க கனபேர் வீட்டு லாச்சியில இப்பவும் கிடக்கும். சேர்க்கிறவங்க வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம் குடுப்பாங்க, நல்ல நிலையில இருந்தா இன்னும் கொஞ்சம், லட்சம் எல்லாம் கனவு. அந்த நாடே 1993 ஜனவரி முதலாம் திகதியோட ரெண்டாப் போச்சு, அதால 100 கொருனா எண்ட முகப்பெறுமதியும் இப்ப செல்லாது.

ஒண்டு மட்டும் பாருங்கோ. வெறும் பரப்பு கண்ணாடி மாதிரியும் ராஜாட உருவம் மட்டும் பனி பட்ட மாதிரி வெள்ளையாவும் இருந்தா அது புரூஃப், சேர்க்கிறவங்களுக்கெண்டு தனியா மினுக்கி அடிக்கிறது, அதுக்கு விலை வேற. எல்லாம் ஒரே மாதிரி மங்கலா மினுங்கினா சாதாரண அடி. (தேய்ச்ச பக்கத்தை வச்சு சொல்லேலாது, ராஜாட பக்கத்தைப் பாருங்கோ.)

கறுப்புக் கோடு இறப்பரால வந்தது. இறப்பர் பேண்டுக்குள்ள கந்தகம் இருக்கு, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தா கறுக்கும். நியூஸ் பேப்பர், கம்பளித் துணி, மலிவான மட்டைப் பெட்டி எல்லாத்துலயும் அது இருக்கு. அதோட நீங்க வெள்ளவத்தை, ரயில் ரோட்டுக்கு அங்கால கடல், ஈரக்காத்துல இது இன்னும் கெதியா நடக்கும். ஒட்டியிருக்கிற இறப்பர் பிசின் மட்டும் போக வேணும் எண்டா சுத்தமான அசிட்டோன்ல பத்து நிமிசம் ஊறப்போட்டு எடுங்கோ, தேய்க்காம. நகப்பூச்சு எடுக்கிற தண்ணி வேண்டாம், அதுக்குள்ள வாசமும் எண்ணெயும் கலந்திருக்கும். யன்னலைத் திறந்து வச்சு செய்யுங்கோ, அடுப்பு பக்கத்துல வேண்டாம். பிசின் போகும், கறுப்பு போகாது. அது போகாட்டி போகட்டும், விடுங்கோ.

வைக்கிறதுக்கு கட்டியான பிளாஸ்டிக் காப்சூல் வாங்குங்கோ. மெல்லிசா, வளையக்கூடிய, புது ரெயின்கோட் மணம் வாற பிளாஸ்டிக் உறை இருக்கே அது பிவிசி, கொஞ்ச வருசத்துல காசு மேல பச்சையா பிசுபிசுப்பு வரும், செம்பு கலந்த வெள்ளிக்கு அது கேடு. அந்த பிஸ்கட் டின் பரவாயில்ல, உள்ள சிலிக்கா ஜெல் ரெண்டு பைக்கட் போட்டு விடுங்கோ, சப்பாத்துப் பெட்டியில வாறதே காணும்.

கடற்கரை ரயில்:

கோடி நன்றி அண்ணா, ஆனா தம்பி இல்ல, தங்கச்சி 😄

யன்னல்ல சாய்ச்சுப் பாத்தன். நீங்க சொன்ன மாதிரியே வட்டம் வட்டமா கீறல், சிங்கத்தின்ட ரெண்டாவது வால் கொஞ்சம் மழுங்கியும் போச்சு. அம்மாக்கு காட்டேல்ல. ராஜாட பக்கம் எல்லாம் ஒரே மாதிரி மங்கல்தான், அப்ப சாதாரணம்.

இன்னொரு கேள்வி, இது உண்மையா வெள்ளிதான் எண்டு வீட்டிலயே பாக்க ஏலுமா? கடைக்காரர் உரைச்சு பாக்கவா எண்டு கேட்டவர், நான் விடேல்ல.

பழஞ்சல்லி:

மன்னிச்சுக் கொள்ளுங்கோ தங்கச்சி. உரைக்க விடாதது நல்லது.

நகை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு, புறக்கோட்டையில மலிவா கிடைக்கும், ரெண்டு தசமம் காட்டுறதா பாருங்கோ. முதல்ல காசை நிறுங்கோ. பேந்து தராசுல ஒரு சின்ன கிளாஸ் தண்ணி வச்சு பூச்சியமாக்குங்கோ, காசை தையல் நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்க விடுங்கோ, முழுக்கத் தாழ வேணும், அடியிலயும் பக்கத்துலயும் முட்டக் கூடாது, காத்துக் குமிழ் ஒட்டியிருந்தா நூலை ஆட்டி விடுங்கோ. தராசு காட்டுறது காசு இடம்பெயர்த்த தண்ணியின்ட நிறை. 15 கிராம் காசுக்கு 1.5 கிட்ட காட்டினா அடர்த்தி 10, எழுவது வீத வெள்ளிக்கு சரியா அதுதான் வரும். வெறும் செம்பு நிக்கல் கலவை எண்டா 1.7 கிட்ட காட்டும். ஆர்க்கிமிடீஸின்ட கதையும் இந்த மாதிரித்தான், அவர் உடுப்பில்லாம ஓடினார் எண்டுறாங்க, நீங்க ஓட வேண்டாம்.

மூலை வீட்டு டீச்சர்:

ஏன் ராஜாட காசு அப்பாட்ட இருந்தது எண்டு பிள்ளை கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லையே, எல்லாரும் நிறுக்கிறதுலயே நிக்கிறீங்க. நான் சரித்திரம் படிப்பிச்சனான், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக் கொள்ளுங்கோ.

பிராகில சர்வகலாசாலையை தொடக்கினது இந்த நாலாம் கார்ல்தான், 1348ல, மத்திய ஐரோப்பாவில அதுதான் முதலாவது, இண்டைக்கும் அவற்ற பேர்லதான் நடக்குது. பிறந்தது 1316ல, பெற்றோர் வச்ச பேர் வாட்ஸ்லாவ், ஏழு வயசுல பிரெஞ்சு அரண்மனைக்கு வளர்க்க அனுப்பிட்டாங்க, அங்கதான் கார்ல் எண்ட பேரும் படிப்பும் வந்தது. பேந்து புனித ரோம சாம்ராஜ்ஜியச் சக்கரவர்த்தியா வந்தவர். அந்தக் காலத்துல கையெழுத்து போடத் தெரியாத ராஜாக்கள் கனபேர், இவர் தன்ட வாழ்க்கைக் கதையை லத்தீன்ல தானே எழுதினவர். அதுல ஒரு இடம் எனக்கு மறக்காது. 17 வயசுல ஊருக்கு திரும்பி வரேக்க தாய் மொழி முழுக்க மறந்து போச்சாம், பேந்து இருந்து படிச்சு, செக்காரர் ஒருத்தரைப் போல கதைக்கவும் விளங்கவும் வந்ததாம். செக், பிரெஞ்சு, லொம்பார்டி பக்கத்து இத்தாலியன், ஜெர்மன், லத்தீன் எண்டு அஞ்சு மொழியிலயும் எழுத வாசிக்க ஏலும் எண்டும் எழுதி வச்சிருக்கிறார். லண்டன்ல இருந்து லீவுக்கு வாற எங்கட பேரப்பிள்ளைகளை நினைக்கேக்க எனக்கு இவர்தான் ஞாபகத்துல வாறது.

அந்த போட்டோவில இருக்கிற பாலம் ரெண்டு பக்கமும் கல்லுச் சிலை வரிசையா நிக்கிற பாலமோ? அப்பிடியெண்டா அதுவும் அவர் 1357ல தொடக்கினதுதான். அப்பா படிக்கப் போன இடம், நடந்த பாலம், எல்லாத்துலயும் இந்த மனுசன் இருந்திருக்கிறார், அப்பா அங்க இருக்கேக்கதான் கார்ல் செத்த 600வது வருசமும் வந்தது.

கம்யூனிஸ்ட் அரசாங்கம் ஒரு ராஜாவுக்கு காசு அடிச்சது பகிடிதான், ஆனா படிச்ச ராஜா எண்டா எந்த ஆட்சிக்கும் பயமில்லை போல. 1948ல சர்வகலாசாலையின்ட 600வது வருசத்துக்கும் வெள்ளியில ஒரு 100 கொருனா அடிச்சவங்க. இப்ப செக் நாட்டின்ட 100 கொருனா நோட்டுலயும் அவர்தான் இருக்கிறார்.

கொட்டாஞ்சேனை பொடியன்:

டீச்சர் நல்லா இருக்கு, ஆனா ரொம்பவும் தூக்கி வைக்க வேணாம். 1349ல நூரம்பெர்க்ல யூத ஆக்களை கொன்னு வீடெல்லாம் இடிச்சு அந்த இடத்துல சந்தை கட்டினாங்களே, அதுக்கு முன்கூட்டியே அனுமதி குடுத்து விட்டது இதே படிச்ச ராஜாதான். அஞ்சு மொழி தெரிஞ்ச ஆளு அஞ்சுலயும் வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல. காசுல முகம் மட்டும்தான் வரும், இதெல்லாம் வராது.

மூலை வீட்டு டீச்சர்:

உண்மைதான் மகன், நான் அதை விட்டுட்டு சொன்னது பிழை. எங்க ஊர்ல பிறந்தவனுக்கு இது சொல்லித்தர தேவையில்லை.

பழஞ்சல்லி:

டீச்சர் சொன்னதோட காசு விசயம் ஒண்டு. கார்ல் உயிரோட இருக்கேக்க அவரும் வெள்ளிக்காசு அடிச்சவர், பிராக் குரோஷென் எண்டு சொல்றது, குட்னா ஹோரா சுரங்கத்து வெள்ளியில. அதுல அவர் பேர் கரோலுஸ் ப்ரிமுஸ், அதாவது முதலாம் கார்ல். சக்கரவர்த்தி வரிசையில நாலாம், பொஹேமியா, அதாவது இண்டைய செக் நாட்டுப் பக்கத்து ராஜா வரிசையில முதலாம். அதால அவரே அடிச்ச காசுல ஒண்டு, 600 வருசம் கழிச்சு அவருக்காக அடிச்ச காசுல நாலு. உங்கட காசு அடிபட்டது ஸ்லோவாக்கியா பக்கம் கிரெம்னிட்ஸா ஆலையில, அதுவும் 1328ல இருந்து காசு அடிக்கிற இடம், கார்லுக்கு அப்ப 12 வயசு. அவர் பிறந்து 700 வருசம் எண்டு 2016லயும் செக் தேசிய வங்கி வெள்ளியில 200 கொருனா விட்டது, அது 13 கிராம், 1000க்கு 925 வெள்ளி. ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்க ஆசை, என்னட்ட ரெண்டாவது இல்ல.

வெயில் மழை:

படிச்சுக்கிட்டே வந்தேன், ஒரு ஆதங்கம். நம்ம பக்கத்துல படிச்ச ராஜாக்களுக்கு இப்படி ஒரு காசு வரிசை ஏன் வரல? தம்பதெனியாவுல ரெண்டாம் பராக்கிரமபாகுவுக்கு கலிகால சாகித்திய சர்வக்ஞ பண்டிதர்னே பட்டம், கவ்சிளுமிண காவியம் அவர் எழுதினதுன்னுதான் சொல்றாங்க. யாழ்ப்பாணத்து ராஜாக்கள் காலத்துல செகராசசேகரம்னு வைத்திய நூல், செகராசசேகரமாலைன்னு சோதிட நூல், ரெண்டும் ராஜாட பேரிலேயே இருக்கு, அரச குடும்பத்து அரசகேசரி ரகுவம்சத்தை தமிழ்ல பாடியிருக்கார். ரெண்டு பக்கத்துலயும் சேர்த்து ஒரு செட் வெள்ளியில அடிச்சா எவ்வளவு வடிவா இருக்கும். இந்தியாவுல தஞ்சைப் பெரிய கோயிலோட ஆயிரம் வருசத்துக்கு 1000 ரூபா காசே விட்டாங்க, 35 கிராம், நூத்துக்கு எம்பது வெள்ளி.

பழஞ்சல்லி:

இங்க வெள்ளியே வரேல்ல எண்டு இல்ல. 1957ல புத்த ஜெயந்தி 2500வது வருசத்துக்கு விட்ட 5 ரூபா 925 வெள்ளி, 28 கிராம் சொச்சம், கையில எடுத்தாலே பாரம் தெரியும். பிறகும் சுதந்திரத்தின்ட 50வது வருசத்துக்கு 98ல 1000 ரூபா வெள்ளி வந்தது. நீங்க கேக்கிற ராஜாக்களுக்கு நவீன காசு வேண்டாம், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தாங்களே அடிச்ச சேது காசு இருக்கு, நந்தி படுத்திருக்க கீழ தமிழ்ல சேது எண்டு எழுத்து. பெரும்பாலும் செம்புதான், வெள்ளி இல்ல. என்னட்ட ஒண்டு இருக்கு, நந்திட முதுகு தேய்ஞ்சு போச்சு, எழுத்து மட்டும் நிக்குது. அதை நான் 925 வெள்ளிக்கு மாத்த மாட்டன். கோட்டையில சதாம் வீதி சென்ட்ரல் பொயிண்ட் கட்டடத்துல மத்திய வங்கியின்ட மியூசியம் இருக்கு, பழைய காசு பாக்க விரும்புற ஆக்கள் முதல்ல அங்க போங்கோ, அந்தக் கட்டடத் தூணுகளுக்காகவே போகலாம்.

கடற்கரை ரயில்:

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்கு தராசு வாங்கி வந்து குசினி மேசையில வச்சு செய்து பாத்தன். காசு 14.96. தண்ணிக்குள்ள முதல் தரம் 1.58 காட்டிச்சு, நெஞ்சு டக்கெண்டுது, பாத்தா கிளாஸ் அடியில முட்டிக்கொண்டு இருக்கு. நூலை தூக்கிப் பிடிச்சா 1.50. ரெண்டு தரம் செய்தன், அடுத்தது 1.51. அப்ப வெள்ளிதான்.

டீச்சர், போட்டோவில சிலை இருக்கு. அப்பா ஒரு சிலைக்கு கீழ கோட் பொத்தானை பிழையா போட்டுக்கொண்டு நிக்கிறார். பின்பக்கம் அவற்ற கையெழுத்துல 78 நவம்பர் எண்டு இருக்கு, கீழ செக்ல ஒரு வரி, எனக்கு விளங்கேல்ல, போட்டோ எடுத்து போடுறன், தெரிஞ்சாக்கள் வாசிச்சு சொல்லுங்கோ.

காசை விக்கேல்ல. கறுப்புக் கோட்டையும் அப்பிடியே விட்டாச்சு. டின்னுக்குள்ள வைக்கலாம் எண்டு பாத்தா அம்மா அதைக் கழுவி முறுக்கு போட்டு வச்சிருக்கிறா.